நாகர்கோவில் தலையணை ரேந்தை: ஒரு கைவேலை விற்பனையகம் குறித்த மதிப்புரை

நாகர்கோவிலில் பெண்களின் கைவேலைப் பொருட்களை மட்டுமே விற்கும் சிறிய விற்பனையகம் ஒன்றில் அண்மையில் சில பொருட்களை வாங்கினேன். நான்கு விரல் அகலமுள்ள தலையணை ரேந்தை (தலையணையின் மேல் வைத்துக் கையால் பின்னும் லேஸ்) இரண்டு மீட்டர், குரோஷா விளிம்பு வைத்த மேசைத்துணி ஒன்று, மூலையில் பூவேலை செய்த கைக்குட்டைகள் சில. இம்மதிப்புரை பெரும்பாலும் முதற்பொருளைப் பற்றியதே. மற்ற இரண்டையும் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் தேடிப் பெறலாம். தலையணை ரேந்தையோ கன்னியாகுமரி மாவட்டத்தின் வீட்டுத் திண்ணைகளில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகப் பின்னப்பட்டு வருவது; இன்று அதைப் பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நான் வாங்கிய ரேந்தை மிக உயர்ந்த தரமுடையது, அதன் விலையும் நியாயமானது. ஆனால் அதை வாங்குபவர் கையில் கொடுக்கும் முறையில் ஒரு பெருங்குறை இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேலையை நேரில் பார்த்திராதவர்களுக்காக அதன் செய்முறையை முதலில் சொல்கிறேன். தலையணை ரேந்தையை ஊசியால் தைப்பதில்லை, குரோஷாக் கொக்கியால் பின்னுவதும் இல்லை. வைக்கோலை இறுக அடைத்துத் தைத்த கெட்டியான தலையணையின் மேல், வடிவத்துக்கேற்பத் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, அத்துளைகளில் ஊசிகளைக் குத்தி, மெல்லிய மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை அந்த ஊசிகளை அணைத்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிமாற்றிப் போட்டு இதை உருவாக்குகிறார்கள். இக்கட்டைகளைப் பாபின் என்றே எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அவை எப்போதும் இரட்டையாகவே இயங்கும். நான்கு பாபின்களைக் கையில் எடுத்தால், நடுவிலுள்ள இரண்டில் இடப்புறத்ததை வலப்புறத்ததன் மேல் போடுவது குறுக்கு. ஒவ்வோர் இணையிலும் வலப்புறத்ததை இடப்புறத்ததன் மேல் போடுவது திருகு. எவ்வளவு நுட்பமான வேலையும் இந்த இரண்டு அசைவுகளில் அடங்கிவிடும். குறுக்கு, திருகு, குறுக்கு என்று தொடர்ந்தால் நெய்த துணியைப் போன்ற அடர்ந்த பரப்பு கிடைக்கும். குறுக்கு, திருகு என்று நிறுத்திக்கொண்டால் வலை போன்ற நெகிழ்ந்த பரப்பு கிடைக்கும். இவை இரண்டையும் எங்கே எவ்வளவு வைப்பது என்பதிலேதான் பூவும் இலையும் பிறக்கின்றன.

நெய்யூருக்கு அருகிலிருந்த என் பாட்டி வீட்டில் இந்த வேலை அன்றாடம் நடந்தது. காலைச் சமையல் முடிந்ததும் பாட்டி சோப்புப் போட்டுக் கைகளை முழங்கைவரை கழுவித் துடைத்துவிட்டுத் தலையணையுடன் கிழக்குத் திண்ணைக்கு வருவார். அன்று தலைக்கு எண்ணெய் தேய்த்திருந்தால் ரேந்தையைத் தொடமாட்டார், ஏனென்றால் வெள்ளை நூலில் ஏறிய எண்ணெய்க் கறை எளிதில் போகாது. வெண்ணூல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி மடியில் ஒரு கருநீலத் துணியை விரித்துக்கொள்வார். அக்கம்பக்கத்திலிருந்து வேறு சில பெண்களும் தங்கள் தலையணைகளைச் சுமந்துகொண்டு வந்து சேர்வார்கள். பேச்சு ஒருபுறம் நடக்க, பாபின்கள் ஒன்றோடொன்று மோதும் சிறு ஒலி இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். எங்களைப் போன்ற சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை காலியான பாபின்களில் நூல் சுற்றுவது மட்டுமே. யாராவது ஆர்வக்கோளாறில் தலையணைப் பக்கம் கையை நீட்டினால், "மக்களே, ஊசியத் தொடாதே, பின்னல் எல்லாம் நெகிழ்ந்து போவும்" என்று பாட்டி தடுப்பார். அவர் கடிந்துகொண்டதில் காரணம் இருந்தது. இப்போதுதான் பின்னிய பகுதியை வடிவம் குலையாமல் பிடித்து வைத்திருப்பவை அந்த ஊசிகள்தாம். பின்னல் வெகுதூரம் முன்னேறி, நூல்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் நிலை வந்த பிறகே பின்னாலுள்ள ஊசிகளை உருவி முன்னால் குத்துவார்கள். அந்த ஊசிகளும் பித்தளையாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் எங்கள் மாவட்டத்து ஈரக்காற்றில் இரும்பூசி விரைவில் துருப்பிடித்து, பல நாள் உழைப்பில் உருவான ரேந்தையில் பழுப்புப் புள்ளிகளை விட்டுவிடும்.

இந்தப் பழக்கத்தோடுதான் விற்பனையகத்தில் ரேந்தையை விரித்துப் பார்த்தேன். கைவேலை என்னும் பெயரில் இயந்திர ரேந்தையை விற்கும் கடைகள் எங்கும் பெருகியிருப்பதால், வாங்குவோர் சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்துச் சென்று அடர்ந்த பகுதியைக் கவனித்தால், கைரேந்தையில் நூல்கள் நெசவைப் போல மேலும் கீழுமாகச் செல்வது தெரியும். ஓர் இணை நூலைத் தொடர்ந்து சென்றால் அது எங்கே புகுந்து எங்கே வெளிவருகிறது என்பதைக் கண்ணாலேயே பின்பற்ற முடியும். இன்று மலிவாகக் கிடைக்கும் பின்னல் இயந்திர ரேந்தையில் சங்கிலித் தையல் போன்ற வளையங்கள் காணப்படும். கரையும் துணியின் மேல் இயந்திரத்தால் பூத்தைத்துப் பிறகு அத்துணியைக் கரைத்து எடுக்கும் வகையில், பூக்களின் ஓரம் இழை பிரிந்து பஞ்சாக இருக்கும். நான் வாங்கிய துண்டில் இவை எதுவும் இல்லை. விளிம்பிலுள்ள சிறு வளையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஊசியைச் சுற்றி எடுக்கப்பட்டவை. பூவின் இதழ்களுக்கு இடையே பின்னல் இறுக்கமாகவும் இதழ்களுக்குள் சற்றுத் தளர்ந்தும் இருப்பதால், பூ அடித்தளப் பின்னலிலிருந்து எழுந்து நிற்பதுபோல் தோன்றுகிறது. இரண்டு மீட்டர் நீளத்தில் ஓரிடத்தில் நூல் தீர்ந்து புதிய நூல் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த இணைப்பை அடர்ந்த பகுதிக்குள் கொண்டுபோய் மறைத்திருப்பதால், பின்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் மட்டுமே அது தெரிகிறது. இவ்வளவு சீரான இழுவிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை காப்பது பழகிய கையால்தான் இயலும்.

இனி, இந்த ரேந்தை நம் ஊருக்கு வந்த வரலாறு. இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் ரிங்கல்தௌபே என்னும் மிஷனரி 1806-இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய தென்திருவிதாங்கூருக்கு வந்து, நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள மயிலாடியை மையமாகக் கொண்டு பணிபுரிந்தார். பின்னர் அந்தப் பணியின் மையம் நாகர்கோவிலுக்கு மாறியது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட் என்னும் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். 1820-களின் தொடக்கத்தில் அப்பள்ளியில் படிப்போடு சேர்த்துத் தலையணை ரேந்தையையும் கற்பித்தார். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. கையில் காசு தரும் தொழில் ஒன்று பள்ளியோடு இணைந்திருந்தது பெற்றோரின் தயக்கத்தைக் குறைத்தது. ரேந்தை விற்ற பணம் பள்ளியின் செலவுக்கும் உதவியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே ரேந்தை பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்ற அடிமைப் பெண்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தின் உடை வழக்கத்தையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடார் பெண்களும் அவர்களினும் கீழாக வைக்கப்பட்டிருந்த சாதிப் பெண்களும் மேலுடம்பை மூடிக்கொள்வது தடைசெய்யப்பட்டிருந்தது. மிஷனரிகளின் மனைவியர் வடிவமைத்துக் கொடுத்த குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையை அணிந்ததற்காகவே பெண்கள் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டார்கள். 1820-களில் மூண்ட தோள்சீலைப் போராட்டம் 1858-59-இல் மீண்டும் பெருங்கலவரமாக வெடித்தது. 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைவளித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்னும் நிபந்தனையையும் விதித்தது. ஆகவே இந்த மாவட்டத்தின் ரேந்தையைத் தொடக்க காலத்தில் பின்னிய பெண்கள், தம் தோளின் மேல் ஒரு முழத் துணியைப் போட்டுக்கொள்ளவே போராட வேண்டியிருந்த நாட்களில், ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடைகளுக்கு விளிம்பு பின்னிக் கொடுத்தவர்கள். என் பாட்டி இந்த வரலாற்றைப் படித்தவர் அல்லர். ஆயினும் தம் பாட்டியின் காலத்தில் 'சட்டை போட்டதற்கு அடி வாங்கினார்கள்' என்பதை அவர் அறிந்திருந்தார்; ரேந்தைத் தலையணையை எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு முறையேனும் சொல்லாமல் இருந்ததில்லை.

இதே வேலையைச் செய்த இங்கிலாந்துச் சிற்றூர்களைப் பற்றிப் படித்தபோது, எங்கள் திண்ணையில் கண்ட பலவற்றை அங்கும் காண முடிந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஹானிட்டன் என்னும் சிறுநகரம் இருக்கிறது. ஹானிட்டன் ரேந்தை என்று அந்நகரின் பெயரால் உலகம் அறிந்த சரக்கில் பெரும்பங்கு, அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் பீர், பிரான்ஸ்கோம்ப் போன்ற கடலோரச் சிற்றூர்களிலும் உழவர் வீட்டுப் பெண்களும் மீனவர் வீட்டுப் பெண்களும் பின்னியது. அங்கே ரேந்தைப் பள்ளி என்று அழைக்கப்பட்டது பெரும்பாலும் ஒரு பெண்மணியின் வீட்டு அறைதான். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூட அங்கே அனுப்பப்பட்டு, நாள் முழுவதும் குனிந்தபடி பின்னினார்கள். குளிர்கால மாலைகளில், நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி வைத்து, அவற்றின் வழியே குவிந்து விழும் ஒளியில் பலர் உட்கார்ந்து வேலைசெய்தார்கள். கண்பார்வை மங்குவது இரு ஊர்ப் பெண்களுக்கும் பொதுவான துன்பம். என் பாட்டி ஐம்பதைத் தாண்டியதும் நுண்ணூலை விட்டுவிட்டுத் தடித்த நூலில் மட்டுமே பின்னினார்.

டெவன் ஊர்களின் கதையில் இயந்திரத்துக்கும் பெரிய இடம் உண்டு. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808-இலும் 1809-இலும் பாபின் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். லஃப்பரோ நகரிலிருந்த அவருடைய ஆலையை 1816-இல் இயந்திர எதிர்ப்பாளர்கள் உடைத்தபோது, அவர் தம் தொழிலை டெவனிலுள்ள டிவர்ட்டன் என்னும் ஊருக்கே கொண்டுசென்றார். அதுவரை பெண்கள் கையால் பின்னிய, பூக்களுக்கு அடித்தளமாகும் வலைப்பரப்பை இயந்திரம் மலிவாகச் செய்யத் தொடங்கியதும், அவர்களுக்குப் பூக்களைத் தனித்தனியே பின்னி அந்த இயந்திர வலையின் மேல் தைக்கும் வேலைதான் எஞ்சியது. கூலி சரிந்து கிடந்த அந்த நேரத்தில்தான் விக்டோரியா அரசி 1840-இல் நடந்த தம் திருமணத்துக்கு வேண்டிய ரேந்தையை ஹானிட்டன் வேலையாகவே செய்யப் பணித்தார். பீர் ஊரைச் சேர்ந்த ஜேன் பிட்னி என்பவரின் மேற்பார்வையில், அவ்வூரிலும் சுற்றுப்புறங்களிலும் ஏறக்குறைய 200 பெண்கள் 1839-இல் பல மாதங்கள் உழைத்து அதைப் பின்னி முடித்தார்கள். வேறு எவரும் அதைப் போலச் செய்துவிடக்கூடாது என்று, வேலை முடிந்ததும் அதன் வடிவ அட்டைகளை அழித்தார்கள். மேற்பார்வை செய்தவரின் பெயர் வரலாற்றில் நின்றது. பின்னிய இருநூறு பேரை நாம் எண்ணிக்கையாகவே அறிகிறோம். ஆயினும் டெவன்காரர்கள் அந்தக் கலையை மறந்துவிடவில்லை. ஹானிட்டனிலுள்ள ஆல்ஹாலோஸ் அருங்காட்சியகம் பழைய ரேந்தைகளைப் பாதுகாத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறது.

இந்த விற்பனையகத்தின் மீது எனக்குள்ள குறை இங்கேதான் வருகிறது. ரேந்தையைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, நீளமும் விலையும் எழுதிய சிறு சீட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். எந்த ஊரில் பின்னப்பட்டது, யார் பின்னினார், எத்தனை நாள் வேலை, இந்தக் கலை எப்படி இங்கே வந்தது ஆகிய எதுவும் அதில் இல்லை. சுவரில் ஒரு படமோ, மேசையில் ஒரு பழைய பாபினோ, துளையிட்ட அட்டையோ கண்ணில் படவில்லை. கைரேந்தை இருந்த அதே அலமாரியில், அதே மாதிரி உறையில், இயந்திர விளிம்பு வைத்த துணிகளும் அடுக்கப்பட்டிருந்தன. வேறுபாடு தெரியாத ஒருவர் இரண்டையும் கையில் எடுத்தால், விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு மனநிறைவோடு போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. மயிலாடிக் கல்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதை வாங்குபவர் மயிலாடியின் பெயரைச் சொல்லி வாங்குகிறார். அதே மாவட்டத்தில் மிஷன் காலத்து வரலாற்றை உடைய ரேந்தை, ஊரும் பேரும் இல்லாமல் உறைக்குள் கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இதைச் சரிசெய்வது கடினமானதும் அன்று. பின்னியவர் யார் என்று நான் கேட்டபோது, விற்பனையில் இருந்த அக்கா முதலில் சற்று வியந்தார். பிறகு உள்ளே சென்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பின்னியவரின் பெயரையும் ஊரையும் சொன்னார். நான் வேண்டிக்கொண்டதால் அவற்றை ரசீதின் பின்புறத்தில் எழுதியும் கொடுத்தார். அந்த அம்மா தம் தாயிடம் சிறுவயதில் கற்றவர் என்றும், இப்போது வீட்டு வேலைகளுக்கு நடுவே பகல் வெளிச்சத்தில் மட்டுமே பின்னுகிறார் என்றும், அவருடைய பெண்மக்கள் இருவரும் இதைக் கற்கவில்லை என்றும் கூறினார். பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சீட்டுக்குக் கொண்டுவர ஒரு பேனாவே போதும். ஒரு மீட்டர் பின்ன எத்தனை நாளாகிறது என்பதையும் அதிலேயே எழுதினால், விலை ஏன் அவ்வளவு என்னும் கேள்வி எழாது. பெயர் தெரிந்த கைக்கு மறுபடியும் வேலை கேட்டு ஆட்கள் வருவார்கள். அப்படி வேலை தொடர்ந்து வந்தால்தான் அடுத்த தலைமுறையில் ஒருத்தியாவது தலையணையை எடுத்து மடியில் வைப்பாள்.

விற்பனையகத்தின் மற்ற கூறுகளில் குறை சொல்ல அதிகமில்லை. அக்கா பொறுமையாகப் பேசினார், எந்தத் துண்டையும் விரித்துப் பார்க்கத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார், வாங்கியே ஆகவேண்டும் என்னும் நெருக்குதல் எதுவும் இல்லை. குரோஷா மேசைத்துணி நேர்த்தியாக இருந்தாலும், அதன் துணி முதல் சலவையிலேயே சற்றுச் சுருங்கி விளிம்பு நெளிந்துவிட்டது. துணியை முன்னதாக நனைத்து உலர்த்திவிட்டு விளிம்பு வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கைக்குட்டைகள் நன்றாக இருக்கின்றன. அன்பளிப்பாகக் கொடுக்க ஏற்றவை. ரேந்தையின் விலை கடைத்தெருவில் கிடைக்கும் இயந்திர ரேந்தையைப் போலப் பல மடங்கு இருந்தது. அதில் செலவான நாட்களைக் கணக்கிட்டால் பின்னியவருக்குக் கிடைக்கும் நாட்கூலி அதிகம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். இன்னும் சற்றுக் கூடுதலாகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ரேந்தையைப் பராமரிப்பது பற்றியும் கடையில் எதுவும் சொல்லப்படவில்லை என்பதால் பாட்டி வீட்டு முறையை இங்கே எழுதுகிறேன். புதிய ரேந்தையைத் துணியில் தைப்பதற்கு முன் இளஞ்சூடான நீரில் ஒரு முறை நனைத்து உலர்த்த வேண்டும். அழுக்கானால் காரமில்லாத சோப்பு கரைத்த நீரில் ஊறவைத்து அழுத்தி அலச வேண்டும். தேய்க்கவும் பிழியவும் கூடாது. பிறகு பருத்தித் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, தட்டையான பலகையில் வெள்ளைத் துணி விரித்து, விளிம்பு வளையங்களைப் பித்தளை ஊசியால் குத்தி வடிவுக்கு இழுத்து நிறுத்தி நிழலில் உலர்த்த வேண்டும். இஸ்திரி போடுவதானால் பின்புறத்தில், மேலே ஒரு துணியைப் போட்டு, மெதுவாக. மழைக்காலத்தில் நெகிழி உறைக்குள் வைத்தால் பூஞ்சைப் புள்ளி விழும்; ஆகவே கடையில் கொடுத்த உறையை நீக்கிவிட்டு, மெல்லிய பழைய பருத்தித் துணியில் சுருட்டி வைப்பதே நல்லது. மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டில் நூல் அறும்.

வாங்க விரும்புவோர் வார நாட்களில் முற்பகலில் செல்வது நல்லது, அப்போதுதான் பதிவேடு பார்த்துப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கையிருப்பில் தலையணை ரேந்தை எப்போதும் குறைவாகவே இருக்கும். திருமண ஆடைக்கோ ஆலய மேசை விரிப்புக்கோ குறிப்பிட்ட அகலத்திலும் வடிவிலும் வேண்டுமென்றால், பல மாதங்களுக்கு முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைக்கும்போது பின்னுபவரின் பெயரையும் ஊரையும் சீட்டில் எழுதித் தருமாறு நீங்களும் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள்.